எங்கள் தெருவில் யாருக்கும் காய்ச்சல் இல்லை

"இல்லமா, எங்க வூட்ல யாருக்கும் ஜொரம் இல்ல" என்று என் மனைவி கோமதி வாசலில் நின்று சொன்னபோது, நான் உள்ளே இரண்டு போர்வைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். அவள் குரல் தெளிவாகக் கேட்டது. பொய் சொல்கிறாளே என்று எனக்குத் தோன்றவில்லை. நான் எழுந்து போயிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கேட்டவள் செல்வி. தாமலிலிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் பகுதியில் வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கிற பெண். மாநகராட்சியில் தினக்கூலி. கையில் ஒரு டார்ச், தோளில் ஒரு பை. வாரம் ஒருமுறை வருவாள், இரண்டு கேள்வி கேட்பாள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா? தண்ணீர் பிடித்து வைத்திருப்பதைக் காட்டுகிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு எங்கள் தெரு மிகவும் ஒத்துழைக்கும். டிரம், தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, துளசி மாடத்துத் தட்டு என்று எல்லாவற்றையும் காட்டுவோம். முதல் கேள்விக்கு மட்டும் தெரு முழுக்க ஒரே பதில். இல்லமா.

காரணம் இருக்கிறது. காய்ச்சல் என்று ஒரு வீட்டில் சொன்னால் அடுத்த நாள் புகை மெஷினோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தறி. அந்தப் புகையில் எண்ணெய்ப்பசை உண்டு. தறியில் நீளமாகக் கட்டியிருக்கும் பட்டுப் பாவில் படிந்தால் போகாது, ஜரிகையில் படிந்தால் கறுத்துவிடும். மாதக்கணக்கில் உட்கார்ந்து நெய்த முகூர்த்தப் புடவையைக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, அடுப்புல வெச்சி நெய்ஞ்சியா?" என்று கேட்பார். அதனால் தூரத்தில் அந்த மெஷின் சத்தம் கேட்டாலே தெருவே கதவைச் சாத்தும். சன்னலுக்குத் துணி அடைக்கும். இதை யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. மழை வந்தால் குடை விரிப்பது போலத்தான்.

என் பெயர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர்தான், அதனால் சொல்வதில் தவறில்லை. தறி நெய்கிறவன். எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பற்றி எழுதச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பெரிய அனுபவம் என்று நினைக்கிறார்கள். அங்கே இருந்தவரைக்கும் எனக்குப் பெரும்பாலும் எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. பயப்பட வேண்டிய நேரத்தில்கூடப் பயம் வரவில்லை. மரத்துப்போன காலை யாரோ தட்டிப் பார்ப்பது போல இருந்தது.

காய்ச்சல் முதலில் கண்ணுக்குப் பின்னால் ஆரம்பித்தது. கண்ணை உருட்டினால் வலித்தது. பிறகு இடுப்பு, முழங்கால், விரல் கணுக்கள். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நான்கு நாள் கழித்துக் காலையில் உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. கோமதி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினாள். நான் குளித்துவிட்டு நேராகத் தறிக்குப் போனேன். தீபாவளி கழிந்ததும் புடவைக்காரர் வீட்டில் கல்யாணம், அதற்குள் புடவை போயாக வேண்டும். கொஞ்ச நேரத்தில் கை விழ ஆரம்பித்தது. இழை ஓட்டும் நாடா கைக்கு வரவில்லை. முழங்கையில் குங்குமப்பொடி தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. சாயம் பட்டிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. துப்பியபோது எச்சிலில் ரத்தம் இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கினார். இந்த நோயில் காய்ச்சல் அடிக்கும்போது ஆபத்து குறைவு, காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து. அப்போதுதான் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். உள்ளே இருக்க வேண்டிய நீர் வெளியே கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும், ரத்தம் கெட்டியாகும், நாடி விழும். ரத்தத்தில் தட்டணுக்கள் என்று உண்டு. காயம் பட்டால் ஓடிப்போய் அடைப்பவை அவைதான். அவையும் குறைந்துபோகும். "ஜொரம் விட்டதுன்னு சாமி கும்பிட்டிருப்பீங்களே?" என்று கேட்டார். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

என் மைத்துனன் குமார் ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியில் வாந்தி எடுத்தேன். தேரடி தாண்டியது நினைவிருக்கிறது. அவசர சிகிச்சைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அதன் செருப்பைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிக் காற்றடித்துக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டார்கள். எடுத்தபோது பட்டைக்குக் கீழே புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. பயிற்சி டாக்டர் ஒருவர் குனிந்து எண்ணினார். புள்ளி நிறைய இருந்தால் டெங்குவாம். அவருக்குத் திருப்தியாக இருந்தது போலிருந்தது.

வார்டில் எனக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு ஒரு கொசுவலை. பகலிலும் வலைக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்றார் நர்ஸ்.

"இங்கதான் கொசு இல்லையே சிஸ்டர்?"

"இந்த வலை உங்களைக் காப்பாத்த இல்லண்ணா. உங்க ரத்தத்துல இப்போ கிருமி இருக்குது. ஒரு கொசு உங்களைக் கடிச்சிட்டுப் போயி இன்னொருத்தரைக் கடிச்சா அவுங்களுக்கும் வந்துடும். உங்ககிட்டேருந்து மத்தவங்களைக் காப்பாத்தத்தான் வலை."

அதைக் கேட்டபோதும் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் காய்ச்சலோடு வலையில்லாமல் கிடந்த நாட்களை நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரி நாள் என்பது காத்திருப்பதுதான். காலையில் ரத்தம் எடுப்பார்கள், மத்தியானம் தட்டணு எவ்வளவு என்று சொல்வார்கள். வார்டு முழுக்க அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும். பரீட்சை ரிசல்ட் போலப் பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். என்னுடையது இறங்கிக்கொண்டே போனது. இன்னொரு வேலை, குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளப்பது. ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பட்டு அளந்த கை இது என்று கோமதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டார் அவரவரால் முடிந்ததைச் செய்தார்கள். குமார் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்து, "மாமா, ஒரே மடக்குல குடிச்சிடு" என்று மூக்கைப் பிடித்துவிட நின்றான். நர்ஸ் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் மறுபடி எடுத்தான். கோமதி மாதுளம்பழத்தை முத்து முத்தாக உதிர்த்து, சிவப்பு சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று வலையைத் தூக்கி வாயில் போடுவாள். செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. அரசு ஆஸ்பத்திரி. ஆனாலும் தறி நின்றுபோயிருந்தது. அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் தென்னேரிக்காரர் ஒருவர் இருந்தார். விவசாயி. அவருக்கும் டெங்குதான், தேறி வந்துகொண்டிருந்தார். வார்டில் பேசாமல் இருக்கத் தெரியாத ஒரே ஆள்.

"எனக்கு ஒண்ணு புரியலபா," என்றார் ஒருநாள். "எங்க ஊருல கடல் மாதிரி ஏரி இருக்குது. அங்க ஒரு கொசு கடிச்சி ஒருத்தனுக்கு இந்த ஜொரம் வரல. நான் மக வூட்டுக்குக் காஞ்சிபுரம் வந்தேன், வந்துட்டுது. உங்க ஊருல குடிக்கவே தண்ணி இல்ல, கொசுவுக்கு எங்கேருந்து வந்துச்சி தண்ணி?"

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா காதில் அது விழுந்துவிட்டது. நின்று விளக்கினார். இந்தக் கொசுவுக்கு ஏரியும் வேண்டாம், சாக்கடையும் வேண்டாம். கொஞ்சமாக, சுத்தமாக, அசையாமல், நிழலில் இருக்கும் தண்ணீர் வேண்டும். ஒரு தேங்காய்ச் சிரட்டை போதும். இது பகலில்தான் கடிக்கும், பறந்து வெகு தூரம் போகாது, தாழப் பறந்து கணுக்காலில் கடிக்கும். "வீட்டுக் கொசுங்க. உங்களோடவே குடித்தனம் இருக்கும்" என்றார்.

நான் வலைக்குள்ளிருந்து என் காலைப் பார்த்தேன். இரண்டு கணுக்காலிலும் பழைய தழும்புகள். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

அதைச் சொல்ல எங்கள் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு மிதியை மிதித்து நெய்கிறோம். பட்டு இழைக்கு ஈரம் வேண்டும். காற்று காய்ந்தால் இழை அறும். எங்கள் தெருவில் கோடை பிறந்ததும் குழியின் ஓரத்தில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் வைத்துவிடுவோம். அது மெல்ல ஆவியாகிப் பாவைப் பதமாக வைத்திருக்கும். குறையக் குறைய மேலே கொஞ்சம் ஊற்றுவோம். கொட்டிக் கழுவுவது வழக்கமில்லை. இப்போது ஃபேன் காற்று வேறு இருப்பதால் கோடை போனாலும் சட்டி போவதில்லை. நல்ல தண்ணீர், அசையாத தண்ணீர், இருட்டு, பக்கத்தில் நாளெல்லாம் இரண்டு கால். டாக்டரம்மா எங்கள் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னது போலிருந்தது.

செல்வி வாராவாரம் டார்ச் அடித்தும் அதைப் பார்த்ததில்லை. தண்ணீர் பிடித்து வைத்திருப்பதைக் காட்டு என்றால் எங்களுக்கு டிரம்தான் நினைவுக்கு வரும். சட்டித் தண்ணீர் எங்களுக்குத் தண்ணீரே இல்லை, தறியின் ஒரு பாகம். அச்சைக் காட்டு, நாடாவைக் காட்டு என்று யாராவது கேட்டார்களா? அதோடு தறிக்குழியில் அந்நியர் காலை வைக்க விடமாட்டோம். பங்காளியே ஆனாலும் அடுத்தவன் குழியில் இறங்கமாட்டான்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுத் தட்சிணாமூர்த்தி என்னைப் பார்க்க வந்தார். தெருவில் வயதில் பெரியவர், நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவர். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில அட்ரஸ் குடுத்துட்டியாமே?"

"சேக்கும்போதே கேட்டாங்கண்ணா. குமார் குடுத்துட்டான்."

"அவுங்க நேரா ஹெல்த் ஆபீஸுக்குச் சொல்லிட்டாங்க. நேத்துலேருந்து தெருவுல சுத்திக்கினு இருக்கானுங்க. டிரம்மைக் கவுக்கிறான், டயரைத் தூக்கிப் பாக்கிறான். ஒண்ணும் கெடைக்கல. நாளைக்கு உன்கிட்ட வருவானுங்க." குரலைத் தாழ்த்தினார். "குழி விசயத்தை மட்டும் எடுக்காத. எடுத்தா எல்லார் தறிக்கும் உள்ள பூந்து புகை அடிப்பானுங்க. எல்லார் வூட்லயும் முகூர்த்தப் புடவை ஓடிக்கினு இருக்குது. தெரிஞ்சிக்கோ."

அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சரிண்ணா என்றேன்.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்ன வயசுப் பையன், சட்டை முழுக்க வியர்வை. பின்னால் செல்வி நின்றாள். என்னைப் பார்த்ததும், "ஜொரம் இல்லன்னீங்களே" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. "இப்ப எப்பிடி இருக்குதுண்ணா?" என்றாள்.

ஆய்வாளர் கேள்விகளை ஆரம்பித்தார். வெளியூர் போனீர்களா? இல்லை. கோயில் கூட்டத்துக்கு? இல்லை.

"பகல் பூரா எங்க இருப்பீங்க?"

"தறியில."

"காலு?"

"குழியில."

பேனா நின்றது. "குழியில தண்ணி நிக்குமா?"

"நிக்காது சார். சிமெண்ட்டு போட்டிருக்குது."

அது உண்மைதான். குழியில் தண்ணீர் நிற்காது. அவர் எழுதிக்கொண்டார். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நோயாளிக்கு அது ஒரு வசதி.

அதற்கு அடுத்த நாள் கோமதி வரவில்லை. மாதுளம்பழ டப்பாவைக் குமார் கொண்டுவந்தான். அதில் பழம் உரிக்காமல் அப்படியே இருந்தது.

"அக்கா எங்கடா?"

"வூட்ல வேலை மாமா."

"இன்னா வேலை? தறியே ஓடல."

அவன் பழத்தை வெட்டக் கத்தி தேடினான். கத்தி அவன் கையிலேயே இருந்தது. தென்னேரிக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வார்டில் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"குமாரு, சொல்லு."

"தாரணி கீழ இருக்குது மாமா. குழந்தைங்க வார்டுல. முந்தா நாள்லேருந்து ஜொரம். அக்கா உன்கிட்ட சொல்ல வேணாம்னுச்சி."

தாரணி எங்கள் ஒரே பெண். நாலாவது படிக்கிறாள். காலாண்டுப் பரீட்சை லீவு முழுக்க என் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். அங்கே சில்லென்று இருக்கிறது என்பாள். காலைச் சொறிந்துகொண்டே வரைவாள். சொறியாதே, புண்ணாகும் என்று நானே திட்டியிருக்கிறேன்.

இந்த இடத்தில் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் சொட்டுகளைப் பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு திரளும் வரைக்கும் என்னால் காத்திருக்க முடிந்தது. பிறகு அடுத்தது. என் பெண் இரண்டு மாடிக்குக் கீழே படுத்திருக்கிறாள், நான் எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டுகிறது. அது மட்டும் தெரிந்தது. நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூட்டை பஞ்சு இருந்தது.

"செல்வி நம்பர் இருக்குதா?" என்று கேட்டேன்.

"எந்த செல்வி?"

"கொசு பாக்குற பொண்ணு."

அவனிடம் இல்லை. நர்ஸிடம் சொன்னேன், அவர் யாரிடமோ சொன்னார். மத்தியானமே செல்வி வந்துவிட்டாள். குழந்தைகள் வார்டில் தாரணியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"குழியில சட்டி இருக்குதுமா," என்றேன். "தண்ணி. எங்க வூட்ல மட்டும் இல்ல. தெரு பூரா."

அவள் திட்டவில்லை. பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். "வூட்டுச் சாவி?"

"கோமதிகிட்ட இருக்கும்."

"அண்ணா, உங்க குழியில நான் எறங்கலாமா?"

நான் யோசித்தேன். அந்த நேரத்திலும் யோசித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். "எறங்கு. செருப்பை மட்டும் வெளிய வுட்டுடு" என்றேன்.

அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. வலைக்கு வெளியே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தெளிந்த தண்ணீர், குடிக்கலாம் போலிருந்தது. அதில் அறுந்த பட்டுத் தும்பு போலச் சின்னச் சின்னதாகப் புழுக்கள் மிதந்தன. பாட்டிலைத் தட்டியதும் எல்லாம் நெளிந்து நெளிந்து கீழே போயின. அதே சமயம் தட்சிணாமூர்த்தி உள்ளே வந்தார். யாரோ சொல்லி ஓடி வந்திருக்கிறார்.

"சொல்லிட்டியா?" என்றார் என்னிடம்.

"சொல்லிட்டேன்."

"உன் புடவை போச்சி. எங்க புடவையும் போச்சி. உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? எங்களை இன்னா பண்ணச் சொல்ற?"

"தாரணி கீழ படுத்திருக்குதுண்ணா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்வி பாட்டிலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். வாதாடுவதற்கு நீட்டவில்லை, பிடித்துக்கொள்ளுங்கள் என்பது போலத்தான் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். எங்கள் தெருவில் கண் கூர்மையானவர், ஜரிகையில் ஒரு இழை தப்பினால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

"என் பேரனுக்கு ரெண்டு நாளா ஜொரம்," என்றார். அதை யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பாட்டிலுக்குச் சொன்னது போலிருந்தது.

"இங்க கூட்டிக்கினு வாங்க, இப்பவே," என்றாள் செல்வி. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாகப் போனார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்.

தெருவில் நடந்தது குமார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தட்சிணாமூர்த்தி முதலில் தன் வீட்டுச் சட்டியைக் கொண்டுவந்து நடுத்தெருவில் கவிழ்த்திருக்கிறார். பிறகு வீடு வீடாக. அவர் கேட்டதும் காய்ச்சல்கள் வெளியே வந்தன. இந்த வீட்டில் மருமகளுக்கு, அந்த வீட்டில் பாவுக்குக் கஞ்சி தோய்க்கிறவருக்கு. எல்லோரும் உள்ளே படுத்திருந்திருக்கிறார்கள், எல்லா வாசலிலும் ஒருத்தி நின்று இல்லமா என்று சொல்லியிருக்கிறாள். கல்யாண வீட்டு வேட்டி, பழைய புடவை, படுக்கை விரிப்பு என்று கிடைத்ததையெல்லாம் தறிகளின் மேல் மூடிக் கட்டினார்கள். பிறகு முதல்முறையாகக் கதவுகளைத் திறந்துவைத்தார்கள். புகை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் வந்தது. எங்கள் வீட்டில் தறியை மூட ஆளில்லை. செல்வியே மூடினாளாம். அவளுக்குப் பாவை மூடத் தெரியாது. ஒரு ஓரம் திறந்திருந்திருக்கிறது.

எனக்குத் தட்டணு எண் ஏற ஆரம்பித்த அன்று என்னைச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுபோனார்கள். தாரணி நீல வலைக்குள் படுத்திருந்தாள். முகம் உப்பியிருந்தது, வயிறு உப்பியிருந்தது. கோமதி தரையில் உட்கார்ந்து, குடித்த தண்ணீரை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என் காலின் மேல் கையை வைத்தாள்.

"அப்பா, நீயும் வலையில இருந்தியா?" என்றாள் தாரணி.

"ஆமா."

"யாரு உன்னைப் புடிச்சாங்க?"

சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. சிரித்தேன். அன்று மத்தியானம் அவளுக்கு நாடி விழுந்தது. என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு வெளியே காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. சுவரில் கை கழுவும் முறை படமாக ஒட்டியிருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். டாக்டரம்மா வெளியே வந்து, "தாங்கிட்டா" என்றார். கோமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. வந்த பிறகும் உள்ளே பஞ்சு மூட்டை அப்படியேதான் இருந்தது.

தட்சிணாமூர்த்தியின் பேரனும் பிழைத்தான். தெருவில் பாவு தோய்க்கிறவர் மட்டும் பிழைக்கவில்லை. ரொம்பத் தாமதமாகக் கூட்டி வந்தார்கள். அவர் வீட்டு வாசலிலும் ஒருத்தி நின்று இல்லமா என்று சொல்லியிருந்தாள் என்பதை இப்போது யாரும் பேசுவதில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது என் புடவையின் ஒரு பக்கக் கரையில் ஜரிகை கறுத்திருந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். கடைக்காரர் வந்து பார்த்தார், இழுத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "இதை எந்தக் கல்யாணத்துக்குக் குடுக்கிறது?" என்றார். வாங்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது. கோமதி அதைத் தாரணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள். சரி என்றேன். புடவை முடிவதற்கு இன்னும் முந்தானை பாக்கி இருந்தது. யாருக்கானாலும் நெய்துதானே ஆக வேண்டும்.

ஒருநாள் காலையில் குளித்துவிட்டுத் தறியைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தேன். கால் குழிக்குள் இறங்கவில்லை. சின்ன வயதிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிற குழி. சட்டி இல்லை என்று தெரியும். கோமதி சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறாள் என்று தெரியும். ஆனாலும் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தேன். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சரிபார்ப்பது போலப் பாவனை செய்தேன்.

தாரணி வந்து பார்த்தாள். இன்னும் மெலிந்துதான் இருந்தாள். கோமதியின் செல்போனை எடுத்து வந்தாள், வாசலில் செருப்பைக் கழற்றினாள், என்னைத் தாண்டிக் குழிக்குள் இறங்கினாள். மிதிக்கு அடியில், மூலையில், பலகைக்குப் பின்னால் என்று செல்வி அக்கா செய்வது போலவே ஒவ்வொரு இடமாக வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கையால் தரையைத் தடவிப் பார்த்து, விரலை என் முகத்துக்கு நேரே காட்டினாள். சுண்ணாம்புதான் ஒட்டியிருந்தது.

"தண்ணி இல்லப்பா," என்றாள். "எறங்கு. நான் இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் வராதது அப்போது வந்தது. ஒரேயடியாக வந்தது, நிறுத்த முடியவில்லை. பட்டில் தண்ணீர் பட்டால் கறை நிற்கும். பாவில் விழுந்துவிடாமல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, அவள் பக்கத்தில் காலை இறக்கினேன்.